எதிர் வசனம் படிக்கிறவன் பாத்த ஆடிஷன்

"ஏற்கனவே ஆளை முடிவு பண்ணி வச்சிட்டு சும்மா பேருக்கு ஆடிஷன் நடத்துறீங்க, அதானே?" எங்க நாடகத்துக்கு நடந்த ஆடிஷன்ல ரோல் கிடைக்காத ஒருத்தர், ரிசல்ட் சொன்ன மறுநாள் காலைல வாட்ஸ்அப்ல அனுப்பின மெசேஜ் இது. கோவத்துல கண்டபடி திட்டியிருந்தா கூட விட்டுத் தள்ளியிருப்பேன், ரொம்ப நிதானமா, கமா முற்றுப்புள்ளி எல்லாம் போட்டு அனுப்பியிருந்தாங்க, அதான் உறுத்திட்டே இருந்துச்சு. அவங்க நல்லாதான் நடிச்சாங்க. அன்னிக்கு வந்தவங்கள்லயே கைத்தட்டு வாங்கினது அவங்க ஒருத்தர்தான். அப்புறம் ஏன் எடுக்கல? முடிவு என் கைல இல்ல, ஆனா அன்னிக்கு முழுக்க நான் அந்த ஹால்ல இருந்தேன், எடுத்தது சரின்னுதான் எனக்கும் பட்டுச்சு. ஏன் பட்டுச்சுன்னு கேட்டா டக்குன்னு பதில் வரல. அதை யோசிச்சு யோசிச்சுதான் இதை எழுதுறேன்.

எங்களது சென்னைல ஒரு சின்ன அமெச்சூர் நாடகக் குழு. எல்லாருக்கும் பகல்ல வேலை இருக்கு, யாருக்கும் சம்பளம் கிடையாது, ஹால் வாடகை டீச் செலவு எல்லாம் கைக்காசு. ஆடிஷன்ல என்னோட வேலை எதிர் வசனம் படிக்கிறது. வர்றவங்க அக்கா ரோல் படிச்சா நான் தம்பி, அவங்க தம்பி படிச்சா நான் அக்கா, காலைலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் அதே ரெண்டு பக்கம். நடிக்கக் கூடாதுன்னு ஸ்ட்ரிக்ட் ஆர்டர் வேற, ஏன்னா நான் நடிச்சா வர்றவங்க என் மேல சாஞ்சு ஓட்டிருவாங்களாம். அதனால ரயில்வே அறிவிப்பு படிக்கிற குரல்ல படிச்சிட்டு நின்னேன். பாக்க சப்பையான வேலைதான். ஆனா அங்க நின்னு பாத்தா தெரியிற ஒரு விஷயம் டைரக்டர் நாற்காலிலேர்ந்து பாத்தா கூட அவ்வளவா தெரியாது. வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. வசனம் எனக்குச் சொல்ல வேண்டியது, தம்பிகிட்ட அக்கா பேசுறது, ஆனா கண்ணு டைரக்டர் மேல இருக்கும், இல்லாட்டி பேப்பர் மேல, இல்லாட்டி கண்ணாடி மேல. கண்ணாடின்னு ஏன் சொல்றேன்னா நாங்க எடுத்திருந்தது ஒரு டான்ஸ் கிளாஸ் ஹால், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. முதல்ல வந்த ரெண்டு மூணு பேர் தன்னையே பாத்து நடிச்சதும் அக்கா எழுந்து போய் ஒரு பெட்ஷீட்டை எடுத்து மாட்டிட்டாங்க. (டைரக்டரை நாங்க எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுவோம், கதைலயும் அக்கா வர்றதால இனிமே டைரக்டர்னே எழுதுறேன்.)

முடிவு பண்ணி வச்சிட்டு கூப்பிடுறாங்களா?

சில ரோலுக்கு ஆமா. இதை மறைக்கிறதுல அர்த்தமே இல்ல. எங்க நாடகத்துல அப்பா ரோல் எங்க சீனியர் ஒருத்தருக்குத்தான்னு ஸ்கிரிப்ட் எழுதும்போதே முடிவானது, அதை போஸ்டர்லயே போட்டுட்டோம். போடாத குழுக்களும் இருக்கு. அதனால போறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணி "எந்தெந்த ரோல் இன்னும் ஓப்பனா இருக்கு?"ன்னு கேட்டுருங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நினைச்சா அந்தக் குழுவுக்குப் போகாம இருக்கிறதே நல்லது.

இந்தச் சந்தேகம் வர்றதுக்கு நம்ம ஊர்ல இந்த ஆடிஷன் பழக்கமே கொஞ்சம் புதுசுங்கிறதும் ஒரு காரணம். சின்னப் பசங்களை வச்சே நாடகம் போட்ட பழைய பாய்ஸ் கம்பெனி காலத்துல தேர்வு இருந்துச்சு, ஆனா அது குரலுக்கு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல மதுரைல ஆரம்பிச்ச தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவுல அவ்வை சண்முகம் சேந்தப்போ அவருக்கு ஆறு வயசு. அந்தக் கம்பெனிகள்ல பாட வராத பையனுக்குப் பெரிய வேஷம் கிடைக்காது, நல்லாப் பாடுற பையனுக்கும் மகரக்கட்டு வந்து, அதாவது வயசுக்கு வர்றப்போ குரல் உடைஞ்சா வேஷம் போச்சு. இன்னொரு பக்கம், பம்மல் சம்பந்த முதலியார் 1891ல சுகுண விலாச சபா ஆரம்பிச்சதுலேர்ந்து படிச்சவங்க, வக்கீலுங்க, ஆபீஸ் போறவங்க எல்லாம் ஆசைக்கு நாடகம் போட வந்தாங்க. அங்கேர்ந்து ஒய்.ஜி.பி.யும் பட்டுவும் 1952ல தொடங்குன யு.ஏ.ஏ. நாடகக் குழு (யுனைடெட் அமெச்சூர் ஆர்டிஸ்ட்ஸ்) வரைக்கும், அதுக்கப்புறம் வந்த சபா ட்ரூப்புகள் வரைக்கும், ஆள் சேர்றது பெரும்பாலும் பழக்கத்துலதான். பேங்க்ல பக்கத்து சீட்ல இருக்கிறவர் "ஒரு போலீஸ்காரன் வேஷத்துக்கு ஆள் குறையுதுப்பா, வர்றியா?"ன்னு கூப்பிடுவார், அப்படிப் போனவர் முப்பது வருஷம் அதே ட்ரூப்ல இருப்பார். அந்தப் பழக்கத்தோட ரத்தம் இன்னும் ஓடுது. இப்போ இன்ஸ்டாகிராம்ல போஸ்டர் போட்டு யார் வேணா வரலாம்னு கூப்பிடுறோம், ஆனா கூப்பிடுறவங்க மனசுல "இவன் நம்மளோட ஒத்துப் போவானா"ங்கிற பழைய கேள்வி உக்காந்துட்டேதான் இருக்கு. நடிப்புக்கு மட்டும்தான் மார்க்குன்னு நினைச்சு வர்றவங்களுக்கு அது பாலிடிக்ஸாத் தெரியுது. எனக்கு அது முழுசா தப்புன்னு தோணல. காசு வாங்காம ரெண்டு மாசம் சாயந்திரம் சாயந்திரம் ஒரே ரூம்ல மூஞ்சியப் பாத்துக்கணும்னா ஆள் எப்படின்னு பாக்கத்தானே செய்வாங்க.

கட் ஆன வரி

சீன் இதுதான். தம்பி அக்கா வீட்டுக்கு வர்றான். அப்பா வீட்டை வித்தாகணும், அதுக்கு அக்கா தன் பங்கை விட்டுக் கொடுத்து விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். நம்மள்ல பாதிப் பேர் வீட்டுல நடந்த கதை, அதனால யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கல. முதல் பக்கத்துக் கடைசில தம்பி, "கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்க்கா, மத்தத நான் பாத்துக்குறேன்"னு சொல்லுவான். அதுக்கு அக்கா ஒரு வரி சொல்லணும். ரெண்டாவது பக்கம் தம்பியோட "அப்படிச் சொன்னா எப்படிக்கா?"ல ஆரம்பிக்கும். ஜெராக்ஸ் கடைக்காரர் பேப்பரைக் கொஞ்சம் ஏத்தி வச்சு எடுத்திருக்கார், அந்த அக்கா வரி மட்டும் எல்லா காப்பிலயும் கட் ஆயிருச்சு. முதல் ஆள் அங்க வந்து "மேடம், இங்க ஏதோ விட்டுப் போயிருக்கு"ன்னு நின்னப்போதான் எங்களுக்கே தெரியும். நான் பேனாவ எடுத்து எழுதிக் கொடுக்கப் போனேன், டைரக்டர் வேணாம்னு கையக் காட்டினாங்க. அப்படியே இருக்கட்டும், கேக்குறவங்ககிட்ட "உங்களுக்குத் தோணுறதை பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லுன்னாங்க.

சில பேர் மன்னிப்புக் கேட்டுட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவினாங்க. சில பேர் அழுதாங்க. அக்கா ரோல்னா அழணும்னு நம்ம ஊர்ல யாரு முடிவு பண்ணாங்களோ தெரியல. எனக்கு மெசேஜ் அனுப்பினவங்க அந்த இடத்துக்கு வந்தப்போ ஒரு செகண்ட் கூடத் தயங்கல. பேப்பரை இறக்கினாங்க, ஒரு அடி முன்னாடி வந்தாங்க, பொண்ணுக்கும் சொத்துல பங்குன்னு 89லயே கலைஞர் கொண்டாந்த சட்டத்துலேர்ந்து ஆரம்பிச்சு பொண்ணுன்னா இளக்காரமா, அம்மா கடைசிக் காலத்துல யாரு பாத்தாங்க, இந்த வீட்டுச் செங்கல்ல என் கல்யாண நகை இருக்குடான்னு போட்டாங்க பாருங்க ஒரு போடு, வெயிட்டிங்ல இருந்தவங்க எல்லாம் கதவாண்ட வந்து எட்டிப் பாத்துக் கைதட்டினாங்க. எனக்கே சிலிர்த்துச்சு. தட்டல் அடங்கினதும் நான் என் வரியப் படிச்சேன், "அப்படிச் சொன்னா எப்படிக்கா?" மொத்த ஹாலும் சிரிச்சிருச்சு. அவ்வளவு பெரிய பேச்சுக்கு அப்புறம் அந்த வரி காமெடி ஆயிடுச்சு. நாடகத்துல அது காமெடி சீன் இல்ல, அதுக்கப்புறம் இன்னும் ஒரு முழுப் பக்கம் அவன் கெஞ்சணும், அந்தப் பேச்சைக் கேட்ட தம்பி அங்க உக்காந்து கெஞ்சவே மாட்டான், எழுந்து போயிருப்பான். அந்தப் பேச்சு எழுதியிருக்கிற சீனோட கழுத்தை அங்கயே முடிச்சிருச்சு.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருத்தர் வந்தாங்க, நாப்பத்தஞ்சு இருக்கும், கடைசியா மேடை ஏறுனது காலேஜ்லன்னு சொன்னாங்க. கை லேசா நடுங்குது, முதல் பக்கத்துல ரெண்டு இடத்துல தடுமாறினாங்க. ஆனா கட்டைவிரலை அவங்க வரி மேல வச்சுக்கிட்டு, அஞ்சாறு வார்த்தைய ஒரே மூச்சுல பாத்துக்கிட்டு, தலையத் தூக்கி என்னைப் பாத்துச் சொல்லிட்டு, அப்புறம்தான் கீழ குனிஞ்சாங்க. நான் படிக்கிறப்போ பேப்பரைப் பாக்கல, என்னையே பாத்துட்டு இருந்தாங்க. பக்கம் முடிஞ்சுது. "கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்க்கா, மத்தத நான் பாத்துக்குறேன்." பேப்பர்ல அவங்களுக்கு அடுத்த வரி இல்ல. தேடல, திருப்பிப் பாக்கல, என்னைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க, அப்புறம் சாதாரணமா,

"சாப்பிட்டியாடா?"

நான் படிச்சேன், "அப்படிச் சொன்னா எப்படிக்கா?" ரயில்வே அறிவிப்புக் குரல்லதான் ஆரம்பிச்சேன், பாதில அந்தக் குரல் நிக்கல. அத்தனை மணி நேரமா படிச்ச வரி அப்போதான் எனக்குப் புரிஞ்சுது, அவ மாட்டேன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல, என்கிட்டேர்ந்து நழுவுறா, நான் கெஞ்சணும், அடுத்த ஒரு பக்கம் எனக்கு வேலை இருக்கு. கைத்தட்டு எதுவும் வரல, எட்டிப் பாத்தவங்களுக்கு அங்க என்ன நடந்துச்சுன்னே தெரிஞ்சிருக்காது. டைரக்டர் நோட்டுல ஏதோ எழுதினாங்க. ஸ்கிரிப்ட் எழுதின நண்பர் மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டார், ஏன்னா கட் ஆன வரில அவர் எழுதியிருந்தது "எனக்கு யோசிக்க டைம் வேணும்". இப்போ ஸ்கிரிப்ட்ல "சாப்பிட்டியாடா"தான் இருக்கு, அவருக்கு இன்னும் மனத்தாங்கல்.

இதுதான் நான் அந்த மெசேஜுக்கு எழுத நினைச்சு எழுதாத பதில். அவங்க தனியா நல்லா நடிச்சாங்க, இவங்க கூட நின்னவனை நடிக்க வச்சாங்க. டைரக்டருக்கு ஒரு ஆளை எடுத்தா போதாது, அந்த ஆளால மத்தவங்க என்ன ஆவாங்கன்னும் பாக்கணும். தேர்வு நடக்குறது நீங்க பேசுற நேரத்துலன்னு நினைச்சுதான் எல்லாரும் தயார் பண்ணிட்டு வர்றாங்க, நான் பாத்த வரைக்கும் எதிராளி பேசும்போது நீங்க என்ன பண்றீங்கங்கிறதுலயே பாதி முடிஞ்சிருது.

போறவங்களுக்குக் கொஞ்சம்

வீட்டுல தயார் பண்ணிட்டு வர்ற தனி வசனம் பத்தி. சினிமா வேணாம், ப்ளீஸ். 1952ல வந்த பராசக்தியோட அந்த கோர்ட் சீனை எத்தனை பேர் வந்து பண்ணுவாங்க தெரியுமா, நல்லா பண்ணாலும் சிவாஜியோட மூச்சு எங்க விழும்னு எங்க எல்லார் காதுக்கும் தெரியும், நீங்க எங்க இருக்கீங்கன்னு கண்டுபிடிக்கவே முடியாது. உங்க வயசுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு ஆள், ஒரே ஒருத்தர்கிட்ட பேசுறது, ஒண்ணரை நிமிஷம், போதும். அந்த இன்னொரு ஆளை டைரக்டர் தலைக்குக் கொஞ்சம் மேல, இல்ல பக்கத்துல காலி நாற்காலில வச்சுக்கோங்க. டைரக்டர் கண்ணையே பாத்துப் பேசினா அவங்களால நோட் எடுக்க முடியாது, உங்களுக்குத் தலையாட்டிட்டே உக்காந்திருக்கணும். பொண்ணு பாக்க வந்த வீட்டுல மாப்பிள்ளையோட அம்மாவைப் பாத்துப் பாடுற மாதிரி ஆயிடும், ரெண்டு பக்கமும் சங்கடம்.

குரல் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். சத்தமா பேசுங்கன்னா எல்லாரும் கத்துறாங்க, பிரச்சனை சத்தம் இல்ல, கடைசி வார்த்தை. தமிழ்ல வினை கடைசிலதான் வருது, நம்ம மூச்சும் கடைசிலதான் இறங்குது. "நான் அந்த வீட்டுக்கு இனிமே..." வரைக்கும் கணீர்னு கேக்கும், அதுக்கப்புறம் வருவேனா வரமாட்டேனா தெரியாது. பழைய சபா மேடைல மேலேர்ந்து மைக் தொங்கும், அதுக்குக் கீழ நின்னு பேசிட்டா போதும், அதனாலயே பாதி நாடகம் ரெண்டு மைக்குக்கு நடுவுல நடந்துச்சு. இப்போ சின்னக் குழுக்கள் போடுறது மொட்டை மாடில, ஸ்டூடியோல, மைக்கே இல்லாத எடத்துல. அதனால டைரக்டர் பின்னாடி போய்ச் சுவர்ல சாஞ்சு நின்னுகிட்டு கேப்பாங்க. வீட்டுல யாரையாவது அடுத்த ரூம்ல உக்கார வச்சு, கடைசி வார்த்தைய மட்டும் திருப்பிச் சொல்லச் சொல்லிப் பாருங்க, ரெண்டு நாள்ல காது திறந்துரும்.

வட்டார வழக்கு போட்டுக்காட்டணும்னு நினைக்காதீங்க. கோயம்புத்தூர்க்காரர் மதுரை பேசிக் காட்டினா மதுரைக்காரங்களுக்கு அடுத்த நிமிஷம் தெரிஞ்சிரும். உங்க ஊர்த் தமிழ்லயே படிக்கலாமான்னு கேளுங்க, பல நேரம் டைரக்டருக்கு அதுதான் வேணும். அதே போல உள்ள வரும்போதே "தொண்டை சரியில்ல", "நேத்து நைட்டுதான் ஸ்கிரிப்ட் பாத்தேன்"னு ஆரம்பிக்காதீங்க, வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு தொண்டை சரியில்ல.

அப்புறம் அந்த ஃபாரம். எல்லாரும் அனுபவம்ங்கிற கட்டத்தை நிரப்புறதுக்குத்தான் நேரம் எடுத்துக்குறாங்க, எங்க டைரக்டர் முதல்ல பாக்குறது எந்தெந்த நாள் வர முடியாதுங்கிற கட்டத்தை. "எல்லா நாளும் ஓகே"ன்னு எழுதினா சந்தோஷப்படுவாங்கன்னு நினைக்கிறோம், ரிகர்சல் தொடங்கி மூணாவது வாரம் தங்கச்சி நிச்சயதார்த்தம், ஆன்சைட் கால், ஷிஃப்ட் மாறிடுச்சுன்னு ஒவ்வொண்ணா வரும், இதை எல்லாக் குழுவும் பட்டிருக்கு. அந்த "சாப்பிட்டியாடா" அம்மா எழுதியிருந்தது, "செவ்வாய், வெள்ளி முடியாது, மாமியாருக்கு டயாலிசிஸ்." அதைப் படிச்சிட்டு டைரக்டர் ரிகர்சல் அட்டவணையத்தான் மாத்தினாங்க. முன்னாடியே தெரிஞ்ச லீவுக்கு அட்டவணை போட்டுரலாம்.

இன்னொண்ணு, ஒரு தடவ படிச்சு முடிச்சதும் "இப்போ அதையே கோவமே இல்லாம சொல்லுங்க"ன்னு ஏதாவது மாத்திக் கேப்பாங்க. முதல்ல பண்ணது தப்புன்னு அர்த்தம் இல்ல, பிடிக்கலைன்னா நன்றி சொல்லி அனுப்பியிருப்பாங்க. நீங்க மாறுவீங்களான்னுதான் பாக்குறாங்க. ரெண்டாவது தடவ சொதப்பினாலும் பரவால்ல, வேற மாதிரி சொதப்புங்க. நல்லா நடிக்கிறவங்களுக்குத்தான் இது கஷ்டம், அவங்க வீட்டுல செதுக்கி வச்சுட்டாங்க, அதை உடைக்க மனசு வராது.

இவ்வளவும் பண்ணாலும் கிடைக்காமப் போகும். தம்பி ரோலுக்கு வந்த ஒரு பையன் அருமையா படிச்சான், ஆனா அக்காவுக்கு எடுத்தவங்க பக்கத்துல நிக்க வச்சா அவங்க மகன் மாதிரி இருந்தான், அவ்வளவுதான், போயிடுச்சு. அதுல அவன் திருத்திக்க ஒண்ணுமே இல்ல. இதை ஃபோன்ல சொன்னப்போ நம்ப மாட்டேன்னுட்டான்.

மெசேஜ் அனுப்பினவங்க இப்போ வேற ஒரு குழுவுல மெயின் ரோல் பண்றாங்க, பாத்தேன், அந்த நாடகம் ஒரு ஆள் பேசி மேடைய அள்ளிட்டுப் போற நாடகம், அள்ளினாங்க. வாழ்த்துச் சொன்னேன், சிரிச்சாங்க, பழசை ரெண்டு பேரும் எடுக்கல.

கிடைக்கலைன்னா என்ன பண்றதுன்னு கேக்குறவங்களுக்கு, ரிசல்ட் மெசேஜுக்குப் பதிலா "பேக்ஸ்டேஜ்ல ஏதாவது வேலை இருந்தா வர்றேன்"னு ஒரு வரி போட்டுப் பாருங்க. ந. முத்துசாமி 1977ல ஆரம்பிச்ச கூத்துப்பட்டறைங்கிற நாடகக் குழுவுக்குள்ள விஜய் சேதுபதி போனதே கணக்கு எழுதத்தான். ரிகர்சல்ல ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா ஸ்கிரிப்ட் மொத்தமும் தெரிஞ்ச ஆள் வசனம் எடுத்துக் கொடுக்கிற பிராம்ப்டரும் மேடைச் சாமான், அதாவது ப்ராப்ஸ் பாக்குறவரும்தான், அடுத்த நாடகத்துக்கு முதல் ஃபோன் அவங்களுக்குத்தான் போகுது. எங்க குழுவுல இப்போ லைட்டுக்கு ஆள் இல்ல, ஏணி ஏற பயமில்லாதவங்க ஞாயித்துக்கிழமை வரலாம்.